மாற்றிய டிரான்சிஸ்டர் மறுபடியும் எரிகிறதா? ஆம்ப்ளிஃபயரில் உண்மையான பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு அசெம்பிள்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். 30-0-30 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் 30 வோல்ட் ஏசி தருவது), ஒவ்வொரு சேனலிலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களாக ஒரு 5200, ஒரு 1943. ஒரு நாள் இடது சேனல் நின்றுபோனது, ஆன் செய்தால் ஃபியூஸ் போனது. கடையில் கொடுத்தீர்கள், அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாகப் பாடியது, அப்புறம் அதே சேனலில் அதே டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன. கையில் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கிறது, எந்தப் பாகம் பழுது என்று நானே கண்டுபிடித்து மாற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்: ஆம்ப்ளிஃபயரில் எரிந்து கிடக்கும் பாகம் பெரும்பாலும் அடிபட்டது மட்டும்தான், அடித்தது வேறு எங்கோ இருக்கும். அடித்ததைக் கண்டுபிடிக்காமல் அடிபட்டதை மட்டும் மாற்றினால் புது டிரான்சிஸ்டரும் அதே வழியில் போகும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வகைப் போர்டில் உள்ளே வரும் சிக்னல் முதலில் இரண்டு சின்ன டிரான்சிஸ்டர்களுக்குப் போகிறது. அங்கிருந்து வோல்டேஜைப் பெருக்கும் இன்னொரு டிரான்சிஸ்டர், அப்புறம் சிக்னல் இல்லாதபோது ஓடும் கரண்டை நிர்ணயிக்கும் பயஸ் பகுதி, அப்புறம் அவுட்புட்டை இயக்கும் டிரைவர் ஜோடி, கடைசியில் 5200, 1943. முதல் ஜோடியிலிருந்து ஸ்பீக்கர் டெர்மினல் வரை நடுவில் கப்ளிங் கெப்பாசிட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் நேரடி இணைப்பு. அதனால் ஓர் இடத்தில் டிசி வோல்டேஜ் கொஞ்சம் பிசகினால் அடுத்தடுத்த எல்லா இடத்திலும் அது தெரியும். கடைசியில் நிற்கும் பெரிய டிரான்சிஸ்டர்தான் அதிகக் கரண்டைச் சுமக்கிறது, ஆகவே அதுதான் முதலில் எரிகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது முழு சப்ளை வோல்டேஜும் அதன் பேஸ் வழியாகப் பின்னால் பாய்ந்து டிரைவரையும் அதன் ரெசிஸ்டர்களையும் காயப்படுத்திவிடும். இந்தக் காயம் வெளியே தெரியாது. அரைகுறையாக உயிரோடு இருக்கும் டிரைவர்தான் இரண்டு நாள் கழித்துக் காலை வாரும்.

மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளையில் இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும், அதிலும் ஃபியூஸ் போன செட்டில் அது கரைய வழியே இல்லாமல் நிற்கும். 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயர் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு முனையிலும் பத்து விநாடி பிடித்து, மீட்டரை வைத்து ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று அடிக்கும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டர், போர்டின் டிராக் (செம்புக் கோடு), கண் மூன்றுக்கும் அது கெடுதல்.

அடுத்தது சீரியஸ் பல்பு. இது இல்லாமல் பவர் ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்க உட்காரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு போட்டு, செட்டுக்குப் போகும் ஃபேஸ் ஒயரில் அதைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. செட்டுக்குள் முழு ஷார்ட் இருந்தாலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கரண்ட் அரை ஆம்பியரைத் தாண்டாது, டிரான்சிஸ்டர் பிழைக்கும். செட் நல்ல நிலையில் இருந்தால் ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் மங்கிவிடும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இந்தப் பல்பு இருந்தால் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றும் ஆபத்தான வேலைக்கும் அவசியம் வராது. ஃபியூஸ் போகிறது என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அர்த்தம்.

சரி, இப்போது போர்டு. மீட்டரை எடுப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். பழுப்பேறிய ரெசிஸ்டர், உப்பிய கெப்பாசிட்டர் தலை, டிரான்சிஸ்டர் காலைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்ட சால்டர், எழும்பி நிற்கும் டிராக். கடையில் சால்டர் செய்த இடங்களைத் தனியாகக் கவனியுங்கள். அவசரத்தில் உருட்டி வைத்த ஈயம் பக்கத்து டிராக்கைத் தொட்டுக்கொண்டிருப்பதையும், பிடிக்காமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் இடம் ஒன்று இருக்கும். அந்த 10 ஓம் கருகியிருந்தால் அது பெரிய துப்பு. சாதாரணமாகப் பாட்டு ஓடும்போது அது சூடாகவே கூடாது. கருகியது என்றால் காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வெண்ணில் போர்டு தானாகவே ஆசிலேட் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்து சப்ளை. இடது சேனல் போர்டுக்குப் போகும் பிளஸ், மைனஸ் ஒயர்களைக் கழற்றிவிட்டு, சீரியஸ் பல்பு வழியாக ஆன் செய்து சப்ளையை மட்டும் அளந்து பாருங்கள். 30 வோல்ட் ஏசி, அதை டிசியாக்கும் பிரிட்ஜைத் தாண்டிக் கெப்பாசிட்டரில் நிரம்பும்போது உச்ச அளவான சுமார் 41, 42 வோல்ட்டுக்கு ஏறும். கிரவுண்டிலிருந்து பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பல்பு இருப்பதால் ஓரிரு வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் மிகவும் குறைந்தால் பிரிட்ஜையோ அந்தப் பக்கத்துக் கெப்பாசிட்டரையோ சந்தேகப்படுங்கள். வலது சேனல் ஒழுங்காகப் பாடுகிறது என்றால் சப்ளை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், இங்கே நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

திரும்பவும் பிளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கிவிட்டு, அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டையும் கழற்றி எடுத்துவிடுங்கள். போர்டிலேயே வைத்து அளந்தால் பக்கத்து ரெசிஸ்டர்கள் வழியாக மீட்டர் பொய் சொல்லும். எழுத்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் 5200, 1943 இரண்டிலும் இடமிருந்து பேஸ், கலெக்டர், எமிட்டர். மீட்டரை டையோடு மோடில் வையுங்கள். 5200க்குச் சிவப்பு முனையைப் பேஸில் வைத்துக் கறுப்பை மற்ற இரண்டிலும் தொட்டால் 0.5, 0.6 என்ற அளவு வர வேண்டும். முனைகளை மாற்றிப் பிடித்தால் எதுவும் காட்டக் கூடாது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் எந்தத் திசையிலும் எதுவும் காட்டக் கூடாது. 1943க்கு எல்லாம் தலைகீழ், கறுப்பு முனைதான் பேஸில். போன டிரான்சிஸ்டரில் பொதுவாகக் கலெக்டரும் எமிட்டரும் ஒன்றாகி 0.00 காட்டி மீட்டர் கத்தும்.

இங்கேதான் பல கடைகளில் வேலை முடிந்துவிடுகிறது. நமக்கு இங்கேதான் ஆரம்பம்.

எமிட்டர் காலில் இருக்கும் 0.22 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர்களை அளந்து பாருங்கள். வெளியே வெள்ளையாக, புதிது மாதிரி இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். சாதா மீட்டரில் 0.22 துல்லியமாகத் தெரியாது, முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் என்ன காட்டுகிறதோ அதைவிடச் சற்று அதிகமாகக் காட்டினால் போதும். அப்புறம் டிரைவரின் பேஸிலும் எமிட்டரிலும் இருக்கும் சின்ன ரெசிஸ்டர்கள், 100 ஓம் மாதிரி மதிப்புள்ளவை. அவுட்புட் ஷார்ட் ஆனபோது இவற்றின் வழியாகத்தான் 42 வோல்ட் பின்னால் பாய்ந்திருக்கும். ஒரு காலைத் தூக்கி அளந்து பாருங்கள். 100 ஓம் 140 காட்டினால் அது வெந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

இனிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி: பக்கத்திலேயே நன்றாக இருக்கும் வலது சேனல். ஸ்டீரியோ செட்டில் சர்க்யூட் படம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை, ஒழுங்காக ஓடும் சேனலே படம்தான். பவர் இல்லாமல், மீட்டரை டையோடு மோடில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டில் நிறுத்தி, வலது போர்டில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் ஒவ்வொரு காலையும் சிவப்பு முனையால் தொட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பீடு சரியாக இருக்க வலது போர்டிலும் அவுட்புட் ஜோடியைக் கழற்றிவிட்டு எடுப்பது நல்லது. அதே வரிசையில் இடது போர்டையும் எடுங்கள். உதாரணமாக வலது டிரைவரின் பேஸில் 0.58 வந்து, இடதில் அதே இடத்தில் 0.03 வந்தால், தேட வேண்டிய இடம் அந்தக் காலைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குள் இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். விலை உயர்ந்த கருவிகள் செய்யும் வேலையில் பாதியை இந்தத் தாள் செய்துவிடும்.

டிரைவர் ஜோடி, உங்கள் போர்டில் டிப்41சி, டிப்42சி அல்லது அதுபோல ஒன்றாக இருக்கலாம். அளவு எப்படி வந்தாலும் இவற்றை மாற்றிவிடுங்கள் என்பேன். மீட்டரின் டையோடு மோடு இரண்டு மூன்று வோல்ட்டில்தான் சோதிக்கிறது. 40 வோல்ட்டுக்கு மேல் லீக் ஆகும் டிரான்சிஸ்டர் அங்கே நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். டிரைவர் விலை குறைந்த சாமான். அதைச் சந்தேகத்தோடு விட்டுவைத்து, அதைவிட விலையுள்ள அவுட்புட் ஜோடியை இன்னொரு முறை இழப்பது வீண்.

இனி, இரண்டு நாள் ஓடிவிட்டு ஏன் போனது என்ற கேள்வி. ஆன் செய்த உடனே எரிந்திருந்தால் ஷார்ட் என்று சொல்லிவிடலாம். நன்றாகச் சூடேறிய பிறகு எரிந்தால் என் சந்தேகம் முதலில் பயஸ் பகுதிமேல்தான் விழும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சிக்னல் இல்லாதபோதும் கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த சத்தத்தில் பாட்டு கரகரக்கும். அந்தக் கரண்டை நிர்ணயிப்பது பயஸ் டிரான்சிஸ்டர், பெரும்பாலும் பிடி139, பக்கத்தில் ஒரு பிரீசெட்டோடு (திருப்பி மதிப்பை மாற்றக்கூடிய சின்ன ரெசிஸ்டர்). இந்தப் பிடி139 ஹீட் சிங்கைத் தொட்டுக்கொண்டு திருகப்பட்டிருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாக அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. ஹீட் சிங்க் 40 டிகிரி ஏறினால் 80 மில்லிவோல்ட். பயஸ் வோல்டேஜ் அதற்கேற்பத் தானும் குறையாவிட்டால் கரண்ட் பல மடங்கு ஏறும். கரண்ட் ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் மறுபடி கரண்ட் ஏறும், டிரான்சிஸ்டர் எரியும்வரை இது நிற்காது. பிடி139 ஹீட் சிங்கில் ஒட்டி இருந்தால் அதுவும் சூட்டை உணர்ந்து பயஸைக் குறைத்துவிடும். பழுது பார்த்த கையோடு அதைத் திரும்பத் திருகாமல் காற்றில் தொங்க விட்டிருந்தால், செட் குளிர்ந்திருக்கும்வரை ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு நாள் கொஞ்சம் அதிக நேரம், அதிகச் சத்தம் வைத்ததும் போய்விடும். உங்கள் செட்டில் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் அந்தப் பிரீசெட். திறந்த மாதிரியான சின்னப் பிரீசெட்டில் தூசும் ஈரமும் சேர்ந்து நடுக்கால் தொடர்பு விட்டுவிட்டுப் போகும். அது பிடி139இன் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் இணைக்கப்பட்டிருந்தால், தொடர்பு விட்ட கணத்தில் பேஸுக்குக் கரண்ட் இல்லாமல் பிடி139 முழுதாக அணைந்துவிடும், பயஸ் உச்சத்துக்கு ஏறும், அவுட்புட் ஜோடி இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாக ஆன் ஆகும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருந்தால் தொடர்பு விடும்போது பயஸ் குறையத்தான் செய்யும், ஆபத்தில்லை. உங்கள் போர்டில் எப்படி என்று டிராக்கைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் வகையானால் பிரீசெட்டைத் தயங்காமல் மாற்றுங்கள். மூடிய வகை, பல சுற்று சுற்றக்கூடிய பிரீசெட் சில ரூபாய்தான் கூடுதல்.

மூன்றாவது சந்தேகம் போலி டிரான்சிஸ்டர். 5200, 1943 அளவுக்குப் போலி வரும் சாமான் ஆடியோவில் குறைவு. அசல் 2எஸ்சி5200 தாங்குவது 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். போலியின் மேல் அதே எண்தான் அச்சடித்திருக்கும், உள்ளே இருக்கும் சில்லு வேறு. உங்களிடம் இப்போது எரிந்த டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஒன்றை வைஸில் வைத்துக் கறுப்பு உடலை உடைத்துப் பாருங்கள். செம்புத் தகட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் சில்லு கடுகு அளவுக்குச் சின்னதாக இருந்தால் அது 150 வாட் சூட்டை எந்தக் காலத்திலும் தாங்கியிருக்காது. எழுத்தின்மேல் நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனைத் தேய்த்தால் அழிந்துபோவதும் ஒரு கெட்ட அறிகுறி. இந்த ஜோடியைத் தோஷிபா இப்போது டிடிசி5200, டிடிஏ1943 என்ற பெயரில் தயாரிக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள்.

நான்காவதாக, போர்டுக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம். ஸ்பீக்கர் ஒயரின் ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது ஒரு சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாகப் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டால் போர்டு பார்ப்பது 2 ஓம். ஒரே ஒரு ஜோடி வைத்து, 42 வோல்ட்டில் 2 ஓமை ஓட்டுவது இந்த டிரான்சிஸ்டர்களுக்குக் கொடுமை.

மாற்றுப் பாகம் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து 'ஈக்குவலன்ட்' என்று கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். தாங்கும் வோல்டேஜ், கரண்ட், வாட், வேகம் இவை அசலுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். கால் வரிசையும் பார்க்க வேண்டும், சின்ன டிரான்சிஸ்டர்களில் ஏமாறுவது இங்கேதான். தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்5551இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். சி1815இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும், மூன்றையும் ஒரே துளையில் செருகவும் முடியும். அதோடு பிசி547 தாங்குவது 45 வோல்ட்தான். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் 84 வோல்ட் இருக்கும் போர்டில் அதை எங்கும் போட்டுவிட முடியாது.

கழற்றும் வேலையில் பொறுமை வேண்டும். மலிவான போர்டில் டிராக் மெலிதாக இருக்கும், ஒரே இடத்தில் அயர்னை அழுத்திக்கொண்டே இருந்தால் எழும்பி வந்துவிடும். 63-37 ஈயம் 183 டிகிரியில் உருகும், அயர்ன் நுனி 350 டிகிரி அளவில் இருந்தால் போதும். பழைய சால்டர் உருக மறுத்தால் அதன்மேல் புது ஈயம் கொஞ்சம் வைத்து உருக்குங்கள், அப்புறம் ஈயம் உறிஞ்சும் பம்ப்பான சால்டர் சக்கரால் உறிஞ்சுங்கள். கெட்டுப்போன டிரான்சிஸ்டரைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கட்டரால் மூன்று காலையும் வெட்டி உடலை எடுத்துவிட்டு, காலை ஒவ்வொன்றாக இழுத்துவிடலாம். டிராக் பிழைக்கும்.

புது ஜோடியை ஹீட் சிங்கில் பொருத்தும்போது மின்சாரம் கடக்காமல் தடுக்கும் பழைய மைகா ஷீட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். புது மைகா, இரண்டு பக்கமும் மெல்லியதாக ஹீட் சிங்க் பேஸ்ட். அப்பி வைத்தால் சூடு கடப்பது குறையும். முதலில் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு அப்புறம் காலைச் சால்டர் செய்யுங்கள், இல்லாவிட்டால் இறுக்கும்போது கால் முறுக்கிக்கொள்ளும். கடைசியில் கலெக்டர் காலுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள், எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. பிடி139ஐயும் அதன் இடத்தில், அதற்குரிய இன்சுலேஷனோடு திருகிவிடுங்கள்.

இப்போது முதல் ஆன். ஸ்பீக்கர் இணைக்க வேண்டாம். இன்புட்டை ஷார்ட் செய்துவிடுங்கள். பிரீசெட்டைப் பயஸ் மிகக் குறைவாக வரும் பக்கம் திருப்பி வையுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், பிளக் போடுவதற்கு முன் பிடி139இன் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் ஓம் அளந்து, அது குறைவாக வரும் பக்கம், அல்லது பிரீசெட் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருந்தால் அங்கே ஓம் அதிகமாக வரும் பக்கம் திருப்புங்கள். சீரியஸ் பல்பு வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு மங்கியதா? மங்கினால், ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே இருந்தால் அதற்கு முன்னால், 0.22 ஓம் இரண்டும் சேரும் இடத்தில் கிரவுண்டிலிருந்து டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் இருந்தால் முன்பக்க ஜோடியிலோ வோல்டேஜ் பெருக்கும் டிரான்சிஸ்டரிலோ இன்னும் பழுது இருக்கிறது. அணைத்துவிட்டுத் தாளுக்குத் திரும்புங்கள். ஆன் நிலையில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் அளந்தால் ஏறக்குறைய 0.6 வர வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தச் சந்திப்பு உள்ளே அறுந்துவிட்டது. இப்படி அளக்கும்போது முனை வழுக்கி இரண்டு காலைச் சேர்த்துத் தொட்டால் அதுவரை செய்ததெல்லாம் போய்விடும். அதனால் ஒரு முனையைக் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு ஒரு கையால் மட்டும் அளங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கம் 230 வோல்ட் திறந்து கிடக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேராக ஆன் செய்து பயஸ் வையுங்கள். ஒரு 0.22 ஓமின் குறுக்கே 11 மில்லிவோல்ட் வந்தால் ஓடும் கரண்ட் 50 மில்லிஆம்பியர். வலது சேனலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அதையொட்டி வைப்பது இன்னும் நல்லது. பிரீசெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். இருபது நிமிடம் விட்டுவிட்டு, ஹீட் சிங்க் சூடேறிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஓரளவு நிலையாக நின்றால் சூட்டைக் கவனிக்கும் பகுதி வேலை செய்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்திப் பிடி139இன் திருகையும் பேஸ்ட்டையும் பாருங்கள்.

மூடியைப் போடுவதற்கு முன் இன்னும் இரண்டு இடம். ஸ்பீக்கர் ரிலே இருந்தால், அவுட்புட் ஷார்ட் ஆன கணத்தில் 42 வோல்ட் டிசியை அது அறுக்க வேண்டியிருந்திருக்கும். டிசியில் தீப்பொறி எளிதில் அணையாது, கான்டாக்ட் கருகியோ ஒட்டிக்கொண்டோ இருக்கலாம். குறைந்த சத்தத்தில் ஒரு சேனல் மங்கி, வால்யூமைக் கூட்டியதும் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் ரிலே கான்டாக்ட்தான். உப்புக்காகிதத்தால் தேய்க்காமல் ரிலேயையே மாற்றிவிடுங்கள். அப்புறம் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் 'ர்ர்ர்' என்று 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் அவை காய்ந்துகொண்டிருக்கின்றன. மாற்றும்போது 63 வோல்ட், 105 டிகிரி வகை வாங்குங்கள். 42 வோல்ட்டுக்கு 50 வோல்ட் போதுமே என்று தோன்றும், ஆனால் இரவில் மெயின்ஸ் 250க்கு ஏறினால் சப்ளை 45ஐத் தாண்டிவிடும். 10 டிகிரி சூடு குறைந்தால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி. ஆகவே ஹீட் சிங்கை ஒட்டி அதை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஸ்பீக்கர். 8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் 6, 7 ஓம் காட்டும். இடது ஸ்பீக்கர் 1, 2 ஓம் காட்டினால் அதன் காயில் உள்ளே ஷார்ட், அதைத் திரும்ப இணைக்கவே கூடாது. அவுட்புட்டில் 42 வோல்ட் டிசி நின்றிருந்தால் 6 ஓம் காயில் கிட்டத்தட்ட 300 வாட் சூடு இறங்கியிருக்கும், அதனால் இது வெறும் சந்தேகம் அல்ல. கோனை இரண்டு கையாலும் சமமாக மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் வந்தால் காய் வெந்து உருக்குலைந்திருக்கிறது. முதலில், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய ஸ்பீக்கரை இணைத்துக் குறைந்த சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, டிசி அளவையும் ஹீட் சிங்க் சூட்டையும் மறுபடி பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உங்கள் ஸ்பீக்கரை இணையுங்கள்.